‘ஒரு ஆணியும் மாற்றாத’ 1959 மொறிஸ் மைனர்: யாழ்ப்பாணத்தில் ஒரு வாகன மதிப்பீடு

வலிகாமத்தில் ஒரு வீட்டின் பின்வளவுக் கொட்டகையில் நின்ற நான்கு கதவு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று விற்பனைக்கு வந்தது. அதை வாங்க எண்ணிய ஓய்வுபெற்ற ஆசிரியர் (இனி ‘மாஸ்ரர்’) ஒருவருக்காகச் செய்த மதிப்பீட்டின் முழு விபரத்தையும் இங்கே தருகிறேன். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு 1959 என்று இருந்தது. விற்றவர், காரை முதன்முதலில் வாங்கியவரின் மகன். பதிவுப் புத்தகத்தில் தகப்பன், மகன் என்ற இரண்டு பெயர்களைத் தவிர வேறு பெயர் ஏறியதில்லை. யாழ்ப்பாணத்தில் நிற்கும் பழைய கார்களில் இது அபூர்வம். அவர் சொன்ன சொல்லும் தெளிவாகவே இருந்தது: “மாஸ்ரர், அப்பா எடுத்த நாளில இருந்து இதில ஒரு ஆணியும் மாத்தேல்லை. பெயின்ற் மட்டும் ஒருக்கா அடிச்சது.” மாஸ்ரரும் அதே தெளிவோடு, “அதைப் பாக்கத்தான் தம்பி வந்தனாங்கள்” என்றார்.

வாங்குபவரின் நோக்கம் என்னவென்று தெரியாமல் பழைய காரை மதிப்பிட முடியாது. கண்காட்சிக்கு வைக்கவோ திருமண வாடகைக்கு விடவோ இவர் கேட்கவில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரவும், இடைக்கிடை கொடிகாமத்திலுள்ள உறவினர் வீடு வரை தானே ஓட்டிச் செல்லவும் ஒரு கார் வேண்டும். அது தன் இளமைக்கால மொறிஸ் மைனராக இருக்க வேண்டும். வாங்கிய பின் உடலைப் பிரித்து ஒட்டுகிற வேலைக்குப் பணம் இல்லை. ஆகவே எனக்கு முன்னால் இருந்த கேள்வி, கார் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதல்ல. விற்பவர் சொல்லும் மாறாமை எந்தெந்தப் பாகத்தில் உண்மை, எதில் உண்மையில்லை, உண்மையில்லாத இடத்தில் அது ஓட்டுபவரின் உயிரையோ பணத்தையோ உரிமையையோ தொடுகிறதா என்பதே.

வட இலங்கையில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 1950களில் பிரித்தானியக் கார்கள் தாராளமாக வந்திறங்கின. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை கையில் இருந்த ஒஸ்ரின், மொறிஸ், கேம்பிறிட்ஜ் கார்களையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். பிறகு 1990இல் போர் மறுபடி மூண்டபோது வடக்குக்கு எரிபொருளும் பற்றறியும் தடைசெய்யப்பட்டன, குடாநாட்டில் மின்சாரமும் நின்றுபோனது. அந்த ஆண்டுகளில் பெற்றோல் என்பது சிறு போத்தலில் அளந்து வைக்கும் பொருள். காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவதே வழக்கம். புதிய கார்களால் இயலாத இந்த வித்தையை, அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் புகையோடும் இருமலோடும் தாங்கிக்கொண்டன. அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஒரு காரில் ஒரு ஆணியும் மாறவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை நம்புவதற்கு முன் பொனற்றை, அதாவது எஞ்சின் மூடியை, திறக்க வேண்டும்.

இந்த மொடலின் வரலாற்றில் மதிப்பீட்டுக்கு உதவுவன சில திகதிகள் மட்டுமே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. ஒக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள கௌலித் தொழிற்சாலையில் உற்பத்தியானது. கடைசி நேரத்தில் காரை நான்கு அங்குலம் அகலமாக்கியதால், பொனற்றின் நடுவில் தட்டையான ஒரு பட்டி இன்றும் தெரிகிறது. தொடக்கத்தில் 918 சீசீ எஞ்சின். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து பி.எம்.சி (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஆன பின் 803 சீசீ ஏ தொடர் எஞ்சின். 1956 இறுதியில் 37 குதிரைவலு தரும் 948 சீசீ எஞ்சினும் பிரிவில்லாத முன்கண்ணாடியும் சேர்ந்து மைனர் 1000 என்ற பெயர் வந்தது. 1962இல் எஞ்சின் 48 குதிரைவலு கொண்ட 1098 சீசீ ஆனது. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுவதுபோல் எழும் பழைய சிக்னல் 1961 வரை இருந்தது. ஆகவே 1959 என்று சொல்லப்படும் நான்கு கதவுக் காரில் ஒற்றை முன்கண்ணாடி, தூணில் கைச் சிக்னல், 948 சீசீ எஞ்சின், ஏழு அங்குல பிறேக் டிறம் ஆகிய நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் காரில் மூன்று இருந்தன.

புத்தகமும் தகடும்

முதலில் பார்த்தது காகிதங்களை. யாழ்ப்பாணத்தில் பழைய வாகனம் வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். கார் மனதுக்குப் பிடித்த பின் புத்தகத்தில் வரும் குறை எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. கையொப்பமிட்ட வெறும் படிவங்களோடு நாலைந்து கை மாறி, பதிவில் உள்ள உரிமையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாத கார்கள் ஏராளம். இந்தக் காரில் அந்தச் சிக்கல் இல்லை. தகப்பன் இறந்த பின் மகன் முறைப்படி உரிமை மாற்றம் செய்திருந்தார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பெற்ற விபரமும் புத்தகத்தோடு ஒத்திருந்தது. இலக்கம் ஸ்ரீ வரிசையைச் சேர்ந்தது. வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் புகுத்தியதற்கு எதிராக வடக்கில் போராட்டம் நடந்தது 1958இல் என்பதால், அடுத்த ஆண்டு வந்த காருக்கு இந்த வரிசை பொருந்துகிறது.

பொனற்றுக்குள், எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகட்டில் காரின் அடையாளத் தகடு இருக்கிறது. இதில் இலக்கத்தை வாசிப்பதற்கு முன் ஆணியைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அடித்த ஆணியின் தலைமீது தடுப்புத் தகட்டின் பழைய பெயின்ற் ஒரே படலமாக ஓடியிருந்தது. பிற்காலத்தில் கழற்றி மாட்டிய தகடாக இருந்தால் ஆணியைச் சுற்றி அந்தப் படலம் உடைந்திருக்கும். இலக்கம் எம், ஏ, எஸ், 3 என்ற முன்னெழுத்துகளோடு தொடங்கியது. எம் என்பது மொறிஸ். ஏ என்பது எஞ்சின் வகுப்பு. எஸ் என்பது நான்கு கதவுச் சலூன், இரண்டு கதவாயின் 2எஸ் என்று இருக்கும். 3 என்பது மொடல் வரிசை. இலக்கம் முழுவதும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை. புத்தகத்தில் இருந்த இலக்கம் 9எம் என்று தொடங்குகிறது. 948 சீசீ மொறிஸ் எஞ்சினுக்கு அது சரி. டைனமோவுக்கு மேலே, எஞ்சின் கட்டையில் அடிக்கப்பட்ட சிறு தகட்டைக் கம்பித் தூரிகையால் துடைத்தபோது தெரிந்தது 10எம்ஏ. அது 1098 சீசீ எஞ்சினின் அடையாளம். கட்டையின் பக்கவாட்டில் 1100 என்ற எண் வார்ப்பிலேயே புடைத்து நின்றதால் தகடு மட்டும் மாறியிருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இடமில்லை. 1962க்கு முன் இந்த எஞ்சின் எந்த மைனரிலும் வந்திருக்க முடியாது.

விற்றவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. எஞ்சின் மாறியது அவர் தகப்பன் காலத்தில், பெரும்பாலும் அவர் சிறுவனாக இருந்தபோது. இரண்டு எஞ்சின்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், பொருந்தும் இடமும் ஒன்றே. கராச்சுக்குப் போன கார் திரும்பி வந்தது, முன்னையிலும் இழுவை கூடியிருந்தது என்பதற்கு மேல் ஒரு வீட்டுக்காரருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் திணைக்களத்துக்கு இது வேறு விடயம். பதிவில் உள்ள எஞ்சின் இலக்கமும் காரில் உள்ள இலக்கமும் வேறுபட்டிருக்கும் நிலையில் உரிமை மாற்றினால், அந்த முரண்பாட்டின் முழுப் பொறுப்பும் புதிய உரிமையாளர் தலையில் விழும். எந்தச் சோதனையில் நிறுத்தினாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் மாஸ்ரரே. அதனால் பணம் கைமாறுவதற்கு முன் விற்பவர் தன் பெயரிலேயே எஞ்சின் மாற்றத்தைப் பதிந்து புத்தகத்தைத் திருத்தித் தர வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக எழுதினேன்.

புத்தகமே ஒருவேளை பிழையாக எழுதப்பட்டதா என்பதையும் அறிய ஒரு வழி இருந்தது. இங்கிலாந்தில் காய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து, கார் எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த எஞ்சின், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்ற விபரங்களோடு கட்டணத்துக்குச் சான்றிதழ் தருகிறது. இலண்டனிலுள்ள மாஸ்ரரின் மருமகன் அதற்கு விண்ணப்பித்தார். வந்த சான்றிதழில் எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் இருந்ததேதான்; நிறம் கிளாரென்டன் சாம்பல்; அனுப்பிய இடம் இலங்கை. ஆக, காரும் புத்தகமும் ஒன்றையொன்று அறிந்தவை. இடையில் வந்து குந்தியது எஞ்சின் மட்டும்.

உடல்

மைனருக்குத் தனியான செசி (அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடு, பக்கப் பெட்டிகள், குறுக்குச் சட்டம், முன்னால் நீளும் இரண்டு கால்கள் எல்லாம் சேர்ந்து வெல்ட் செய்யப்பட்ட உடலே கார். எஞ்சினை ஒரு பகலில் மாற்றலாம். கியர்பெட்டியையும் அச்சையும் கூட மாற்றலாம். கறள் பிடித்த உடலைச் சரிசெய்வது மாதக்கணக்கில் இழுத்து காரின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே நேரத்தில் பெரும்பகுதி காரின் கீழே படுத்தே கழிந்தது.

இந்த மொடலில் பார்க்க வேண்டிய முதல் இடம், முன் இருக்கைகளின் கீழே தரையின் குறுக்காக ஓடும் சட்டம். முன் சில்லுகளைத் தாங்குவது சுருள் வில் அல்ல, நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பி. அதன் பின்முனை இந்தச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஜக் வைக்கும் இடங்களும் இதன் இரு முனைகளிலேயே உள்ளன. இது கறள் தின்றுபோன காரில் ஜக் வைத்தால் ஜக் உள்ளே போகும், கார் எழும்பாது. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு இந்தச் சட்டங்களைத் தின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அந்த உப்பு இல்லை. கடற்காற்று உண்டு, மாரியில் தேங்கும் வெள்ளம் உண்டு, கொட்டகையின் மண்தரையிலிருந்து எழும் ஈரம் உண்டு.

இந்தக் காரின் அடிப்பாகம் முதலில் பயங்கரமாகத் தெரிந்தது. வலிகாமத்துச் செம்மண்ணும் பழைய ஒயிலும் குழைந்து விரல் தடிப்பில் ஒரு கறுத்த பூச்சாக இறுகியிருந்தது. ஏ தொடர் எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பியனுப்பச் சுழல் வெட்டு மட்டுமே உண்டு. தேய்ந்தால் ஒழுகிக்கொண்டே இருக்கும். மட்டைக் கத்தியால் அந்தப் பூச்சைச் சுரண்டியபோது, கீழே தொழிற்சாலைச் சாம்பல் நிறம் ஈரமாகப் பளிச்சிட்டது. பல பத்தாண்டுகள் ஒழுகிய ஒயில், யாரும் திட்டமிடாமலே அடித்தகட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் வலது முனை சுத்தியலுக்குக் கணீரென்றது. இடது முனையில் மேலாகக் கறள் பூத்திருந்தது. கூரான குத்தூசியால் அழுத்திப் பார்த்ததில் எங்கும் உள்ளே இறங்கவில்லை.

பின் சில்லுகளின் இலைவில் பூட்டும் இடங்களில் வலது பக்கம் சுத்தம். இடது பக்கத்தின் முன்பூட்டில் ஒரு பழைய ஒட்டுத் தகடு, நாலு பக்கமும் ஒழுங்காக வெல்ட் செய்யப்பட்டு இருந்தது. செய்தவர் தொழில் தெரிந்தவர். டிக்கியின் தரையில், ரப்பர் விளிம்பு கிழிந்து மழைநீர் இறங்கிய மூலையில், உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று தகரத்தால் மூடப்பட்டிருந்தது. அந்தத் தகரம் வெல்ட் செய்யப்படவில்லை. சிறு ஆணிகளால் அறையப்பட்டிருந்தது. கீழிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், ஏதோ ஒரு எண்ணெய்த் தகரத்தின் பச்சையும் மஞ்சளும் எழுத்தின் பாதியும் தெரிந்தன. மின்சாரமும் காஸும் இல்லாத ஆண்டுகளில் செய்த வேலை என்று நினைக்கிறேன். கண்காட்சிக் காராக விற்பவர் இதை ஒளித்திருப்பார். இங்கே அது பெயின்ற்கூட அடிக்கப்படாமல் நின்றது. நான் இதைக் குறைப் பட்டியலில் எழுதினேன், விலையைக் குறைக்கக் காரணமாகக் காட்டவில்லை. தரையின் அந்த மூலை பாரம் தாங்குவதில்லை, திருத்துவது அரைநாள் வேலை.

ஒளித்த இடம் வேறு ஒன்று. வலது பின் மட்காட்டில் துணி சுற்றிய காந்தத்தை ஓட்டியபோது, ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் பிடிக்கவேயில்லை. உள்ளே பள்ளத்தை நிரப்பப் பூசிய தடித்த பட்டிப் பசை. பெயின்ற் ஒருமுறைதான் அடிக்கப்பட்டது என்றார் விற்றவர்; ஆனால் இந்த மட்காட்டின் சாம்பல் நிறம் மற்றப் பகுதிகளைவிட அரைக்கால் பங்கு கடுமை. கேட்டபோது சற்றுத் தயங்கி, பஸ் ஒன்று உரசிய கதையைச் சொன்னார். மைனரின் முன் மட்காட், பின் மட்காட் நான்குமே போல்ற்றில் பூட்டியவை. கழற்றி வேறு போடலாம். உடலின் வலிமையோடு அதற்குச் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஓட்டையை வெளிப்படையாக விட்டுவிட்டு உரசலை மறைத்த இந்த மனப்போக்கைக் குறித்துக்கொண்டேன். விற்பவர்கள் வெட்கப்படுவது பெரும்பாலும் விலை குறையாத இடத்துக்காகத்தான்.

கதவுகள் நான்கும் தூக்காமல் மூடின. கதவுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. நான்கு கதவுக் கார் இரண்டு கதவுக் காரைவிட நடுவில் தளர்வது இயல்பு என்பதால் இந்தச் சிறு விடயம் உடல் தொய்யவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. கதவுத் தூணின் உட்புறத்திலும் டிக்கி ரப்பரின் கீழும் தொழிற்சாலைச் சாம்பல் அப்படியே இருந்தது. இருக்கைகள் மறுபடி தைக்கப்பட்டவை. கைச் சிக்னல் இரண்டும் தூணிலேயே இருந்தன. இடது கை எழுந்தது, வலது கைக்கு விரலால் தட்டிவிட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பூட்டிய சிறு மின்னும் லைற்றுகள்தான் வேலை செய்கின்றன.

ஓடும் பாகங்கள்

இங்கேதான் மதிப்பீடு ஒருமுறை நின்றது. மைனரின் முன் சில்லைத் தாங்கும் நிலைத்தண்டின் கீழ்முனை ஒரு திருகுப் புரி. அது புரியுள்ள ஒரு கட்டைக்குள் ஏறி இறங்கித் திரும்பும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் ஏற்ற வேண்டும் என்று உற்பத்தியாளரின் கையேடே சொல்கிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் அல்லது கேற்றுக்குள் நுழையும்போது கழன்று, சில்லு உள்நோக்கி மடிந்து மட்காட்டின் கீழ் சாய்ந்துவிடும். வேகம் குறைவாக இருக்கும்போது நடப்பதே வழமை. எப்போதும் அப்படி நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வலது முன் சில்லை உயர்த்தி, கீழே அலவாங்கை வைத்து நெம்பியபோது மேலும் கீழுமாக ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. கிறீஸ் முலை அடைபட்டு, பழைய கிறீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று சாவியை நீட்டிய விற்பவரிடம், இந்த நிலையில் கார் கேற்றைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, மெக்கானிக்கை அழைத்து இரு பக்கமும் கழற்றிப் பார்த்தோம். வலது புரியின் விளிம்புகள் கத்தி முனைபோல் தேய்ந்திருந்தன. இடது இன்னும் பயன்படும் நிலையில் இருந்தது, ஆனால் ஒன்றை மட்டும் மாற்றுவது அறிவல்ல. இந்த உதிரிப்பாகம் கிடைப்பது கடினமில்லை. 1990களின் தொடக்கத்தில், அப்போது இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து இலங்கையிலேயே இந்தக் காருக்கு உதிரிப்பாகம் செய்யத் தொடங்கியதும், நாட்டில் இன்னும் இத்தனை மைனர் ஓடுவதும் அதற்குக் காரணம். இரண்டு பக்கமும் புதிதாகப் பூட்டி, செலவை விலையில் கழிப்பது என்று பேசி முடித்த பின்னரே வீதிக்குப் போனோம்.

எஞ்சின் குளிரில் எளிதாகப் பிடித்தது. சுவிச்சைப் போட்டதும் எஸ்.யூ. மின்பம்பு டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் ஓய்ந்தது. ஓயாமல் அடித்தால் எங்கோ ஒழுக்கு என்று பொருள். அழுத்தமானியைச் செருகிப் பார்த்ததில் மூன்று சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 130 இறாத்தலைச் சுற்றி நின்றன, நான்காவது 95. அதற்குள் சிறிது ஒயில் விட்டு மறுபடி அளந்தும் அளவு ஏறவில்லை. ஆகவே பழுது பிஸ்ரன் வளையத்தில் அல்ல, வால்வில். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்றால் வளையமும் சிலிண்டரும் தேய்ந்திருக்க வேண்டும்: எரியாத மண்ணெண்ணெய் சுவரில் வழிந்து ஒயிலோடு கலந்து அதை நீர்த்துவிடும். இந்த எஞ்சினில் அந்தத் தேய்வு இல்லை. அதிலிருந்து ஒரு ஊகம் செய்யலாம். தடைக்காலத்தில் உழைத்துத் தேய்ந்தது புத்தகத்திலுள்ள 948. அதன் இடத்துக்கு இந்த 1098 வந்தது அதன் பிறகே. அப்படியானால் மகன் சிறுவனாக இருக்கவில்லை, வீட்டில் இல்லை. 1980களின் இறுதியில் வெளிநாடு போய் 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பின்தான் அவர் முதன்முதலில் ஊருக்கு வந்திருந்தார் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது.

கியர்பெட்டியின் உறை வழவழப்பாக இருந்தது. 1098இன் பெட்டிக்கு உறையில் வரிவரியான முதுகெலும்புகள் இருக்கும். ஆக இது காரோடு வந்த 948இன் பெட்டி, அதன் சிறிய கிளச்சோடு. பின் அச்சும் பழையதே: இரு பின் சில்லையும் உயர்த்தி ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றும்போது கியர்பெட்டியிலிருந்து அச்சுக்கு வரும் தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்றியது, 948க்குரிய 4.55 விகிதம் அது. வலு கூடிய எஞ்சினுக்கு, வேகத்தைவிட இழுவைக்கு அமைந்த இந்த அச்சு சேர்ந்ததால் கார் ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. மணிக்கு 50 மைலைத் தாண்டினால் எஞ்சின் கத்துகிறது. மாஸ்ரரின் பாவனைக்கு இது குறையல்ல.

குறை பிறேக்கில். 1098 எஞ்சினைப் போட்டபோது பி.எம்.சி நிறுவனமே முன் டிறம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெரிதாக்கியது. எஞ்சினை மாற்றிய கராச் அதைச் செய்யவில்லை. 48 குதிரைவலுவை நிறுத்துவது 37க்கு அளந்த டிறம். அதோடு இந்தக் காரில் பிறேக் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடுகிறது, ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. பிறேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, உடலின் முன்னால் நீளும் கால்களில் ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிறது. கழற்ற வேண்டுமென்றால் முறுக்குக் கம்பி வழிமறிக்கும். அதனாலேயே பல மெக்கானிக்குகள் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இதிலும் அப்படித்தான், கம்பளத்தைத் தூக்கி மூடியைத் திறந்தபோது எண்ணெய் கோப்பிக் கசாயமாக இருந்தது.

வயரிங் இரண்டு காலத்தைச் சேர்ந்தது. டாஷ்போர்டின் கீழே நூல் பின்னிய பழைய வயர்கள் நல்ல நிலையில் இருந்தன. எஞ்சின் பக்கத்தில் வீட்டுக்குப் போடும் மின்வயர், எலி கடித்த இடங்களில் முடிச்சு. நேர்முனையை உடலில் பூட்டும் பழைய முறை மாற்றப்படவில்லை. இதை அறியாமல் யாராவது பற்றறியைத் தலைகீழாகப் பூட்டினால் டைனமோ பழுதாகக்கூடும் என்பதால் பற்றறியின் மேல் தெளிவாக எழுதி ஒட்டச் சொன்னேன்.

விலையும் முடிவும்

மாஸ்ரருக்கு அதே வாரத்தில் வேறொரு மைனரும் காட்டப்பட்டிருந்தது: புதிதாகப் பெயின்ற் அடித்து, ஜப்பானிய எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பூட்டி, தோல் இருக்கை போட்டது, விலை இதைவிட அதிகம். அதன் குறுக்குச் சட்டத்தில் குத்தூசி முழுவதும் இறங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் விலை ஏறியிருந்த சந்தையில், அப்படிப்பட்ட கார்களுக்கும் ஆள் வந்தார்கள். என் அறிக்கை அதை ஒரே வரியில் நிராகரித்தது.

கொட்டகைக் காரைப் பற்றி நான் எழுதியது இது. மாறாதது என்று விற்பவர் சொன்னது எஞ்சினில் உண்மையில்லை, மட்காட்டில் முழு உண்மையில்லை; உடல், கியர்பெட்டி, அச்சு, அடையாளத் தகடு, உரிமை வரிசை ஆகியவற்றில் உண்மை. மாறிய எஞ்சின் காரைச் சேகரிப்பாளரின் கண்ணில் குறைக்கும். இந்த வாங்குபவருக்கு அது கூடுதல் இழுவை, இலங்கையில் எளிதாகக் கிடைக்கும் உதிரிப்பாகம். ஆனால் அந்த எஞ்சின் இரண்டு கடன்களோடு வந்திருக்கிறது: பதிவும் பிறேக்கும். இரண்டையும் தீர்க்கும் செலவு, நிலைத்தண்டு வேலை, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி நான்காவது சிலிண்டரின் வால்வைச் சீர்செய்வது, எஞ்சின் பக்க வயரிங் ஆகியவற்றைக் கணக்கிட்டால் கேட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். விற்றவர் தன் தகப்பனின் கார் பற்றிய கதை இப்படிக் கணக்காக மாறுவதை விரும்பவில்லை. காய்டன் சான்றிதழைக் காட்டிய பின், கொட்டகையின் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு எஞ்சின் கட்டையை அவரே இழுத்துக் காட்டினார். துடைத்துப் பார்த்தோம், 9எம் என்று தொடங்கிய இலக்கம் புத்தகத்தில் இருந்ததேதான். சிலிண்டர் சுவர்கள் நகம் தட்டும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அது காரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது, விலையில் ஆறில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது.

பழைய கட்டையைத் துளைத்துப் பெரிய பிஸ்ரன் போட்டுக் காரில் ஏற்றினால் பதிவுத் திருத்தமே தேவையில்லையே என்று மாஸ்ரர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வேலை முடிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று எந்தக் கராச்சும் உறுதி சொல்லாத நிலையில், ஓடுகிற எஞ்சினைப் பதிந்துகொண்டு, பழையதைக் கிறீஸ் பூசி வைத்திருப்பதே சரி என்றேன். விற்பவர் எஞ்சின் மாற்றத்தைப் பதிந்து திருத்திய புத்தகத்தைக் கொடுத்த பின் மீதிப் பணம் கொடுக்கப்பட்டது. வேலைகளின் வரிசையில் எட்டு அங்குல முன் டிறம், புதிய மாஸ்ரர் சிலிண்டர், மூன்று ரப்பர் பிறேக் குழாய்கள் முதலிடம் பெற்றன. வால்வும் வயரிங்கும் அடுத்து. டிக்கித் தகரம் மாரிக்கு முன். பேத்தியின் கலியாணத்துக்கு முன் பெயின்ற் அடித்துவிடலாமா என்ற கேள்விக்கு, வலது பின் மட்காட்டுக்கு மட்டும் சம்மதித்தேன்.